எந்த விமானத்தைப் பார்க்கப் போகிறோம்?

பெங்களூரு, விசாகப்பட்டினம், கோவா என்று காரில் கிளம்பும் குடும்பங்களுக்கு மூன்று சாலைகள், மூன்று அருங்காட்சியகங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் பிள்ளை கேட்கும் கேள்வியே சொல்லிவிடும்.

2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகர் விமானப்படைத் தளத்தில் மிக்-21 போர் விமானங்களுக்கு வழியனுப்பு விழா நடந்தது. 1963-ல் அதே சண்டிகரில்தான் அவை படையில் சேர்ந்தன. 62 ஆண்டுகளில் சுமார் 870 மிக்-21 விமானங்கள் நம் படையில் இருந்திருக்கின்றன. 1971 போரில் பறந்தன, கார்கிலில் பறந்தன, அடுத்தடுத்த விபத்துகளால் கெட்ட பெயரும் வாங்கின. இனி மிக்-21 வேண்டுமென்று அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பறக்கிற விமானத்தை நாம் யாரும் சரியாகப் பார்த்ததே கிடையாது. மெரினாவில் விமான சாகசம் நடந்தால், சத்தம் காதில் விழுந்து தலையைத் திருப்புவதற்குள் விமானம் கடலுக்கு மேலே போய்விடுகிறது. டிக்கெட் வாங்கிப் பறக்கிறவர்களும் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதன் மூக்கைப் பார்ப்பார்கள், பிறகு குழாய்ப் பாதை வழியாக நடந்து போய் இருக்கையில் உட்காருவார்கள். வயிற்றுக்கடியில் குனிந்து பார்ப்பதும், சக்கரம் எந்தப் பக்கமாக மடங்குகிறது என்று யோசிப்பதும், இறக்கையில் வரிசை வரிசையாக அடித்திருக்கும் ரிவெட்டுகளைத் தடவிப் பார்ப்பதும் விமானம் ஓய்வுபெற்று நின்றால்தான் முடியும்.

நின்றுபோன விமானம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் படிக்க வந்த அப்துல் கலாமை ஈர்த்தவை, மாணவர்களுக்குப் பாகங்களை விளக்குவதற்காக வளாகத்தில் வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள். மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் தான் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததை அவர் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அங்கே நின்றவை இரண்டே விமானங்கள்தான். ஆனால் அவருக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது.

விமான அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

எண்ணிக்கையில் ஏமாற வேண்டாம்

பயணம் போடும்போது பெரும்பாலான அப்பாக்கள் செய்வது இதுதான்: எந்த இடத்தில் அதிக விமானம் இருக்கிறது என்று தேடுவது. போய்ச் சேர்ந்ததும் முதல் விமானத்தின் முன் பத்து படம், இரண்டாவதன் முன் ஐந்து படம். ஏழாவது விமானத்துக்கு வரும்போது எல்லாம் ஒன்றுபோல் தெரியும். சின்னவன் தண்ணீர் கேட்பான். பெரியவள் நிழல் தேடுவாள். பாட்டி ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அதற்குப் பதிலாக, ஒரு விமானத்துக்காகப் போங்கள். அந்த ஒன்றின் கதையைக் காரிலேயே சொல்லிக்கொண்டு போங்கள். மற்றவை கூடுதல் லாபம்.

எந்த ஒன்று? பிள்ளைகள் விமானத்தைப் பற்றிப் பொதுவாக மூன்று விதமாகக் கேட்கிறார்கள். 'இதை யாரு செஞ்சா, எப்படிச் செஞ்சா?' என்று கேட்பது ஒரு வகை. 'உள்ள போலாமா?' என்று கேட்பது இன்னொரு வகை. 'இது எங்கெல்லாம் போயிருக்கு?' என்பது மூன்றாவது. தென்னிந்தியாவில் காரில் போய்ச் சேரக்கூடிய மூன்று முக்கியமான இடங்களும் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் வைத்திருக்கின்றன.

'யாரு செஞ்சா?' - பெங்களூரு

சென்னையிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். மாரத்தஹள்ளிக்குப் பக்கத்தில், பழைய விமான நிலையச் சாலையை ஒட்டி, ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் பாரம்பரிய மையமும் விமான அருங்காட்சியகமும் இருக்கின்றன. 2001-ல் திறந்தார்கள். மரங்கள் நிறைந்த சிறிய வளாகம். அரை நாள் போதும். முதல்முறையாகப் போகிறவர்களுக்கும், கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கும் இதுதான் சரியான தொடக்கம்.

இங்கே நிற்பவற்றில் பெரும்பாலானவை இதே ஊரில் பிறந்தவை. 1940 டிசம்பரில், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, வால்சந்த் ஹிராசந்த் என்ற தொழிலதிபர் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு இங்கே விமானத் தொழிற்சாலை தொடங்கினார். போர் தீவிரமானதும் அது அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாகியது. போர் முடிந்த பிறகு நடந்ததுதான் சுவாரசியம். வெள்ளைக்காரர்கள் கான்பூரில் கைவிட்டுப்போன லிபரேட்டர் என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்களை, இனி யாரும் பயன்படுத்த முடியாதபடி சேதப்படுத்திவிட்டே போனார்கள். 1948-ல் ஹிந்துஸ்தான் ஆட்கள் அவற்றை ஒட்டுப்போட்டுத் தேற்றி, பெங்களூருக்குப் பறக்கவைத்துக் கொண்டுவந்து, முழுமையாகச் சீரமைத்துப் படைக்குக் கொடுத்தார்கள். 1968 வரை அவை பறந்தன. இன்று பிரிட்டனின் அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டர், இப்படி இங்கே உயிர்பெற்று இந்தியா பரிசாகக் கொடுத்தது. அழித்துவிட்டுப் போனவர்களுக்கே அதைத் திருத்திக் கொடுத்திருக்கிறோம். கிருஷ்ணகிரி தாண்டும்போது பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

வளாகத்துக்குள் முதலில் எச்.டி.-2 பயிற்சி விமானத்தைத் தேடுங்கள். வி.எம். காட்கே குழு வடிவமைத்து 1951-ல் பறந்தது. சுதந்திர இந்தியா தானே வரைந்து தானே கட்டிய முதல் விமானங்களில் ஒன்று. பார்க்க எளிமையாக இருக்கும், பிள்ளைகள் கடந்துபோய்விடுவார்கள். நிறுத்திக் காட்டுங்கள்.

அடுத்து, நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்கான விமானம்: எச்.எஃப்.-24 மாருத். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை உருவாக்கிய குர்த் டாங்க், ஐம்பதுகளில் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டு, நம் பொறியாளர்களோடு சேர்ந்து வடிவமைத்தது. 1961 ஜூனில் சுரஞ்சன் தாஸ் என்ற சோதனை விமானி அதை முதலில் பறக்கவிட்டார். ஆசியாவில் ரஷ்யாவை விட்டுவிட்டால் போர் ஜெட் ஒன்றைச் சொந்தமாக உருவாக்கி உற்பத்திக்குக் கொண்டுவந்த முன்னோடி முயற்சி இது. மொத்தம் 147 விமானங்கள் கட்டினார்கள். 1971-ல் ராஜஸ்தான் போர்முனையில் தரைத் தாக்குதலுக்குப் போய்வந்தன.

ஆனால் மாருத்துக்கு ஒரு குறை இருந்தது. ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம் போக வேண்டும் என்று வரையப்பட்ட உடம்பு அது. அதற்கு ஏற்ற இன்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. வெளிநாட்டில் உருவாகிக்கொண்டிருந்த வலுவான இன்ஜின் பாதியில் நின்றுபோக, கையில் இருந்த சிறிய ஆர்ஃபியஸ் இன்ஜின்கள் இரண்டைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். வேகத்தைக் கூட்டும் சோதனை ஒன்றில்தான் 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில், பழைய மெட்ராஸ் சாலையையும் விமான நிலையச் சாலையையும் இணைக்கும் தெருவுக்கு அவர் பெயர்தான். சிக்னலில் பெயர்ப்பலகையைக் காட்டிவிட்டுப் போனால் மாருத்தின் முன்னால் நிற்பதற்குப் பொருள் கூடும்.

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் இன்னொன்றும் சொல்லலாம். இன்று சூலூரில் நிற்கும் நம் தேஜஸ் விமானத்திலும் அமெரிக்க இன்ஜின்தான் ஓடுகிறது. உடம்பு நம்முடையது, இதயம் இன்னொருவருடையது என்ற மாருத் காலத்துச் சிக்கல் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தீரவில்லை. ஜெட் இன்ஜின் செய்வது ஏன் அவ்வளவு கடினம் என்று அந்தப் பிள்ளை கேட்டால், உள்ளே இன்ஜின் கூடத்துக்கு அழைத்துப் போங்கள். வெட்டித் திறந்து வைத்த இன்ஜின்களின் அடுக்கடுக்கான தகடுகளைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மாதிரி விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரமும், தனிக் கட்டணத்தில் சிமுலேட்டரும் உண்டு. சிமுலேட்டரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காட்டிவிட்டால் பிறகு எந்த விமானமும் கண்ணில் படாது.

மறுநாள் காலை கப்பன் பூங்காவுக்குப் பக்கத்தில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் முழு அளவு மாதிரி அங்கே இருக்கிறது. வெளியே இன்னொரு மாருத். துணியும் மரச்சட்டமுமாகத் தொடங்கியது அறுபதே ஆண்டுக்குள் எங்கே வந்து நின்றது என்பதை ஒரே வாசலில் காட்டிவிடலாம்.

'உள்ள போலாமா?' - விசாகப்பட்டினம்

தொட்டுப் பார்த்தால் போதாது, ஏறி நுழைந்து பார்த்தால்தான் ஆச்சு என்கிற பிள்ளைகளுக்கு விசாகப்பட்டினம். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் என்பதால் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். விஜயவாடாவிலோ ராஜமுந்திரியிலோ இரவு தங்கலாம். வழியில் சூலூர்பேட்டை வரும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளாக இருந்து, முன்பதிவும் கிடைத்துவிட்டால், பார்வையாளர் மாடத்திலிருந்து அதையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் நிற்கும் டி.யு.-142 விமானம் உண்மையில் நம் ஊர்க்காரன். சென்னையிலிருந்து 70 கிலோமீட்டரில் இருக்கும் அரக்கோணத்தில், 1992-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம்தான் இவற்றின் வீடு. சோவியத் யூனியனிடம் வாங்கிய இந்த ராட்சத விமானங்கள் எட்டு 1988-ல் படையில் சேர்ந்தன. முதலில் கோவா, பிறகு அரக்கோணம். ஆசியாவின் மிக நீளமான ராணுவ ஓடுபாதைகளில் ஒன்று அங்கே இருப்பதற்கு இவற்றின் எடையும் ஒரு காரணம். 29 ஆண்டு பறந்து, ஒரு விபத்தும் இல்லாமல் 2017 மார்ச் 29-ல் அரக்கோணத்திலேயே ஓய்வுபெற்றன. அவற்றில் ஒன்று மறு மாதமே கடைசிமுறையாகப் பறந்து விசாகப்பட்டினத்தில் இறங்கியது. அங்கே அதைப் பிரித்து, சாலை வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்துவைத்தார்.

ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை 50 மீட்டர். நான்கு இன்ஜின்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு ப்ரொப்பெல்லர்கள். முன்னது ஒரு பக்கம் சுற்றினால் பின்னது எதிர்ப்பக்கம் சுற்றும். முன்னது காற்றைத் திருகித் தள்ளுவதால் வீணாகும் வலுவைப் பின்னது நேராக்கி உந்துவிசையாக்கிக்கொள்ளும். ஜெட் இல்லாமலே மணிக்கு 850 கிலோமீட்டருக்கு மேல் போக முடிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ப்ரொப்பெல்லர்களின் இதழ்கள் எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னதற்கும் பின்னதற்கும் எதிரெதிராக இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இந்த விமானத்தின் வேலை நீர்மூழ்கிக் கப்பல் வேட்டை. கடலுக்கு மேல் பறந்தபடியே ஒலிமிதவைகளைத் தண்ணீரில் போட்டுக்கொண்டே போகும். மிதவையிலிருந்து தொங்கும் கருவி கடலுக்கடியில் கேட்கும் இன்ஜின் சத்தத்தை வானொலி அலையில் மேலே அனுப்பும். எந்த மிதவையில் சத்தம் எவ்வளவு என்று ஒப்பிட்டு, கப்பல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று விமானத்துக்குள் உட்கார்ந்தே குறித்துவிடுவார்கள். அந்த மிதவைகளையும் இன்ஜினையும் பக்கத்துக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள்.

சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் பாருங்கள். மணலில் நிற்பது ஐ.என்.எஸ். குர்சுரா, உண்மையான நீர்மூழ்கிக் கப்பல். 1969-ல் படையில் சேர்ந்து 2001-ல் ஓய்வுபெற்றது, 2002-லிருந்து அருங்காட்சியகம். வேட்டையாடுகிறதும் வேட்டையாடப்படுகிறதும் ஒரே சாலையின் இரு பக்கம் நிற்கும் இடம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் நீர்மூழ்கிக்குள் போங்கள். 91 மீட்டர் நீளக் குழாய்க்குள், குனிந்து வட்டக் கதவுகளைக் கடந்து, அடுக்கடுக்கான படுக்கைகளையும் டார்பிடோக் குழாய்களையும் பார்த்தபின், எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வாரக்கணக்கில் இதற்குள் மூச்சடக்கி இருந்தார்கள் என்பது புரியும். பிறகு விமானத்துக்குள் ஏறினால், இவ்வளவு பெரிய கப்பலைக் கடலில் ஏன் கண்ணால் தேட முடியாது, காதால்தான் தேட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை. மாற்றிப் போனால் இந்த விடுகதையின் விடை முதலிலேயே தெரிந்துவிடும்.

நீர்மூழ்கிக்குள் வழிகாட்டுகிறவர்களில் கடற்படையில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். மொழி தடையாக இருந்தாலும் பரவாயில்லை. "அங்கிள், நீங்க இந்த மாதிரி கப்பல்ல இருந்திருக்கீங்களா?" என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் சொல்வது மனப்பாடப் பேச்சாக இருக்காது.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும், அடைந்த இடம் என்றால் பயப்படுகிற பிள்ளைகளுக்கும் குர்சுரா ஒத்துவராது. அவர்கள் கடற்கரையில் காற்று வாங்கலாம். விமானம் அவ்வளவு நெருக்கடி இல்லை.

'எங்கெல்லாம் போயிருக்கு?' - கோவா

ஒவ்வொரு பொருளின் பூர்வீகத்தையும் கேட்கிற பிள்ளை இருக்கிறதா? கோவாவுக்குப் போங்கள். பெங்களூருவைத் தாண்டி துமகூரு, சித்ரதுர்கா, ஹுப்பள்ளி வழியாகக் கார்வாரில் கடலைத் தொட்டு மேலே ஏறலாம். கார்வார் கடற்கரையில் போர்க்கப்பல் அருங்காட்சியகம் இருக்கிறது, அரக்கோணத்து டி.யு.-142 ஒன்றும் லாரிகளில் பாகம் பாகமாகப் பயணம் செய்து அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. விசாகப்பட்டினத்தை விட்டுவிட்டவர்களுக்கு ஆறுதல்.

டாபோலிம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், போக்மாலோ போகும் சாலையில் இருக்கிறது கடற்படை விமான அருங்காட்சியகம். 1998-ல் தொடங்கியது. திறந்தவெளியில் நிற்கும் விமானங்களில் மிகப் பெரியது சூப்பர் கான்ஸ்டலேஷன். டால்பின் முதுகைப்போல் வளைந்த உடம்பு, மூன்று வால்கள், நான்கு பிஸ்டன் இன்ஜின்கள். இதற்கு மூன்று பிறவி. ஐம்பதுகளில் ஏர் இந்தியாவில் 'ராணி ஆஃப் எல்லோரா' என்ற பெயரில் வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிப் பறந்தது. 1960-ல் போயிங் 707 ஜெட் வந்ததும் ராணிகளுக்கு வேலை குறைய, விமானப்படைக்குப் போனது. 1976-ல் கடல் கண்காணிப்புப் பொறுப்பைக் கடற்படை எடுத்துக்கொண்டபோது விமானத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. பயணிகள், படைவீரர்கள், கடைசியில் கடலை வேவு பார்த்தவர்கள் என்று ஒரே கதவு வழியாக ஏறியவர்களை நினைத்துப் பார்த்தால் அந்த விமானமே ஒரு வரலாற்றுப் பாடம்.

மற்றவை பெரும்பாலும் கப்பலில் வாழ்ந்தவை. இவற்றின் முன்னால் பிள்ளைகளுக்கு இரண்டு தேடல்கள் கொடுக்கலாம். ஒன்று, இறக்கை எந்த இடத்தில் மடங்கும்? விமானந்தாங்கிக் கப்பலில் இடம் கொஞ்சம் என்பதால் சீ ஹாக், அலிசே போன்றவை இறக்கையை மடக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கும். இரண்டு, வாலுக்கடியில் கொக்கி எங்கே? தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியை அந்தக் கொக்கி பிடித்தால்தான் விமானம் கடலில் விழாமல் நிற்கும். 1971 டிசம்பர் 4 அன்று ஐ.என்.எஸ். விக்ராந்திலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிவிட்டு, நடுக்கடலில் அசைந்துகொண்டிருந்த ஒரு தளத்தில் இந்தக் கொக்கியை நம்பித்தான் இறங்கின. விக்ராந்த் பின்னாளில் உடைத்து விற்கப்பட்டுவிட்டது. அதிலிருந்து பறந்த விமானங்கள் இங்கே மிச்சம் இருக்கின்றன.

பிறகு சீ ஹாரியர். அதன் பக்கவாட்டில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு புகைவாய்கள். பின்னால் திரும்பினால் விமானம் முன்னே ஓடும். கீழே திரும்பினால் அப்படியே நின்ற இடத்தில் இறங்கும். எண்பதுகளில் வந்து 2016-ல் ஓய்வுபெற்றது. செங்குத்தாக இறங்கும் விமானத்தைக் கார்ட்டூனில் மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு அந்த வாய்களைக் காட்டினால் போதும்.

கோவா என்றதும் வீடு இரண்டாகப் பிரியும். பாதிப்பேர் கடற்கரை என்பார்கள். போக்மாலோ கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால் சண்டை வேண்டாம். காலை வெயில் ஏறும்முன் விமானம், மாலையில் கடல்.

டெல்லி போகிறவர்களுக்கு

பாலம் விமானப்படை அருங்காட்சியகம் நாட்டிலேயே பழையதும் வளமானதும். 1932-ல் தொடங்கிய இந்திய விமானப்படையின் முதல் விமான வகையான வாபிட்டி, உலகப்போர் கால ஹரிகேன், ஸ்பிட்ஃபயர், லிபரேட்டர், ஜப்பானின் ஓக்கா தற்கொலை விமானம் எல்லாம் அங்கே உண்டு. சண்டிகரில் 2023 மே மாதம் விமானப்படை பாரம்பரிய மையம் ஒன்று திறந்திருக்கிறார்கள். இரண்டும் அருமை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து காரில் போய்வரும் தூரம் இல்லை. ரயிலில் டெல்லி போகும்போது ஒரு முற்பகலை ஒதுக்குங்கள்.

முதலில் கோட்டூர்புரத்தில் ஒரு சோதனை

இவ்வளவு தூரம் பெட்ரோல் போடும் முன், சென்னைக்காரர்கள் ஒரு காரியம் செய்யலாம். கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் ஒரு மாருத் நிற்கிறது. ஒரு ஞாயிறு காலையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய், ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். விமானத்தைச் சுற்றி வருகிறார்களா, அடியில் குனிகிறார்களா, உள்ளே எட்டிப் பார்க்க முடியவில்லையே என்று குதிக்கிறார்களா? என்ன கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எந்தச் சாலையில் போவது என்பதற்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். ஐந்து நிமிடத்தில் கோளரங்கத்தின் பக்கம் ஓடிவிட்டார்கள் என்றால், இந்த ஆண்டு ஊட்டிக்கே போங்கள். விமானங்கள் எங்கேயும் போய்விடாது.

'பையனுக்குத்தான் பிளேன் பிடிக்கும்' என்று மகளை விட்டுவிட வேண்டாம். 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் போர் விமானப் பிரிவின் முதல் பெண் அதிகாரிகளாகப் பொறுப்பேற்றார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, பெங்களூரு ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் பறக்கக் கற்ற சென்னையின் உஷா சுந்தரம், 1951-ல் அன்றைய மெட்ராஸ் அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தைக் கணவர் கேப்டன் சுந்தரத்தோடு இங்கிலாந்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். பெங்களூரு போகும் வழியில் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்

விடுமுறை நாள்: பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. விசாகப்பட்டினத்தில் வேலைநாட்களில் பிற்பகலில்தான் திறப்பது வழக்கம். நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. முந்தைய நாள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெயில்: விமானங்கள் பெரும்பாலும் திறந்தவெளியில் நிற்கின்றன. நண்பகலில் உலோகம் கொதிக்கும். தொப்பி, தண்ணீர், காலை நேரம். கோவாவுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை.

அடையாள அட்டை: சில இடங்கள் படைத் தளங்களை ஒட்டியவை. பெரியவர்களின் அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருந்தால் எடுக்க வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஒரு நாளுக்கு ஒன்று: ஒரே நாளில் இரண்டு அருங்காட்சியகம் வேண்டாம். விசாகப்பட்டினம் மட்டும் விதிவிலக்கு; அங்கே இரண்டும் சேர்ந்துதான் ஒன்று.

விளையாட்டு: எந்த விமானத்தின் முன்னாலும் மூன்று கேள்வி. காற்று எந்த வாய் வழியாக உள்ளே போகிறது? மிக்-21-க்கு மூக்கில், மாருத்துக்கு இரு கன்னத்தில். சக்கரம் எங்கே மடங்கி ஒளிகிறது? விமானி எந்தப் பக்கம் ஏணி வைத்து ஏறுவார்? பலகையைப் படிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

நமக்கென்று ஒன்று

இந்தச் சாலைகளில் போய்வரும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரு கேள்வி எழும். 1910-லேயே ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் என்ற ஹோட்டல் முதலாளி, சென்னையில் விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்து, தீவுத்திடலில் மக்களுக்குக் காட்டினார். இந்தியாவில் விமானம் பறந்த தொடக்க நாட்களில் அதுவும் ஒன்று. கலாம் விமானம் படித்தது குரோம்பேட்டையில். டி.யு.-142 கால்நூற்றாண்டு குடியிருந்தது அரக்கோணத்தில். தேஜஸ் நிற்பது சூலூரில். இவ்வளவும் இருந்தும், அரக்கோணத்து விமானத்தைப் பார்க்க நாம் ஆந்திராவுக்கும் கர்நாடகத்துக்கும் கார் ஓட்டிக்கொண்டு போகிறோம்.

விசாகப்பட்டினமும் கார்வாரும் ஓய்வுபெற்ற விமானத்தைக் கேட்டு வாங்கி, கடற்கரையில் இடம் ஒதுக்கி நிறுத்தியிருக்கின்றன. மிக்-21 இப்போதுதான் ஓய்வுபெற்றிருக்கிறது. கேட்க வேண்டிய நேரம் இது. சென்னையிலோ கோவையிலோ நாலு விமானம் போதும்; நிழலும், உட்கார பெஞ்சும், கதை சொல்ல ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவரும் இருந்தால் போதும். அரசு அதைச் செய்யும்வரை, காரை எடுங்கள். ஒரு விமானத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு போங்கள். அதன் பக்கத்திலிருந்து எப்போது கிளம்புவது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும்.